நாட்செஸ் நகரமும் நின்றுபோன ஸ்லைடு பிலிமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரை மேட்டின்மீது நாட்செஸ் என்றொரு பழைய ஊர் இருக்கிறது. இப்போது தயாரிப்பில் இல்லாத எக்டாக்குரோம் இ100விஎஸ் என்னும் ஸ்லைடு பிலிமில் அந்த ஊரைச் சில ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். வீட்டுச் சுவரில் புரொஜெக்டர் வைத்து ஸ்லைடுகளைக் காட்டும்போதெல்லாம், பார்க்க வருபவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்கள் எனக்கே மனப்பாடமாகிவிட்டன. ஆகவே அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்லைடு பிலிம் என்பது என்ன? நம் ஊர் ஸ்டூடியோவில் கொடுப்பார்களே, அந்த நெகட்டிவ்தானா?

இல்லை. நெகட்டிவில் நிறங்கள் தலைகீழாக இருக்கும். அதை வைத்துப் பிரிண்ட் போட்டால்தான் படம் தெரியும். ஸ்லைடு பிலிமைக் கழுவி எடுத்தவுடன், கேமராவுக்குள் ஒளி பட்ட அதே துண்டிலேயே உண்மையான நிறங்களுடன் படம் நிற்கும். அந்தத் துண்டை ஐந்து சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தில் பொருத்தினால் அதுதான் ஸ்லைடு.

வசதியும் வம்பும் இதிலிருந்தே தொடங்குகின்றன. நெகட்டிவில் ஒளியைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கொடுத்திருந்தாலும் பிரிண்ட் போடுபவர் சரிசெய்துவிடுவார். ஸ்லைடில் இடையில் சரிசெய்ய ஆள் கிடையாது. ஷட்டரை அழுத்தும்போது செய்த தவறு அப்படியே சுவரில் வந்து நிற்கும்.

நின்றுபோன பிலிம் என்கிறீர்களே, அது கோடாக்குரோம்தானே?

எல்லோருக்கும் நினைவிருக்கும் பெயர் அதுதான். 1935-இல் திரைப்படச் சுருளாகவும் அடுத்த ஆண்டு 35 மில்லிமீட்டர் புகைப்படச் சுருளாகவும் வந்த கோடாக்குரோமைக் கண்டுபிடித்த லியோபோல்ட் மானஸ், லியோபோல்ட் கோடோவ்ஸ்கி இருவருமே தொழில்முறை இசைக்கலைஞர்கள். அதன் தயாரிப்பை நிறுத்துவதாகக் கோடாக் நிறுவனம் 2009 ஜூனில் அறிவித்தது. அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப், கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30-ஆம் தேதியோடு அங்கும் புதிய சுருள்களை வாங்குவதை நிறுத்தினார்கள்.

நான் பயன்படுத்துவது அதன் தம்பி எனத்தக்க எக்டாக்குரோம். அந்த வரிசையையும் கோடாக் 2012-இல் நிறுத்தியது. 2018-இல் இ100 என்ற பெயரில் எக்டாக்குரோம் மீண்டும் வந்தது, இன்றும் கிடைக்கிறது. ஆனால் அது அடக்கமான நிறங்களைக் கொண்டது. சிவப்பையும் மஞ்சளையும் அடர்த்தியாகக் காட்டும் பழைய விஎஸ் வகை திரும்பி வரவேயில்லை. என்னிடம் இருப்பவை 2012 எனக் காலாவதித் தேதி அச்சிட்ட சுருள்கள். வாங்கிய நாள் முதல் உறைபெட்டியில்தான் இருக்கின்றன.

பழைய பெட்டியில் கழுவாத கோடாக்குரோம் ரோல் ஒன்று கிடைத்தது. அதைக் கழுவித் தருவார்களா?

வண்ணத்தில் வராது. மற்ற ஸ்லைடு பிலிம்களில் நிறத்தை உண்டாக்கும் வேதிப்பொருள் பிலிமின் அடுக்குகளுக்குள்ளேயே இருப்பதால், இ-6 என்ற பொதுவான முறையில் எங்கும் கழுவிவிடலாம். கோடாக்குரோமில் அந்தப் பொருள் பிலிமில் இல்லை, கழுவும் கரைசலில் இருந்தது. முதலில் கறுப்பு வெள்ளையாகக் கழுவி, பிறகு அடிப்பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியைப் பாய்ச்சி ஓர் அடுக்குக்கும், மேல்பக்கத்திலிருந்து நீல ஒளியைப் பாய்ச்சி இன்னோர் அடுக்குக்கும், கடைசியாக நடு அடுக்குக்கும் தனித்தனியே நிறமேற்ற வேண்டும். கே-14 எனப்பட்ட அந்த முறைக்குரிய கரைசல்கள் இன்று விற்பனையில் இல்லை. கறுப்பு வெள்ளைப் படமாகக் கழுவித் தரும் லேப்கள் உண்டு. அந்த ரோலில் உங்கள் குடும்பத்தினர் இருக்கக்கூடுமானால் அதற்காவது கொடுத்துவிடுங்கள்.

ஆற்றங்கரை ஊர் வேண்டுமென்றால் நியூ ஆர்லியன்ஸ் போகலாமே? நாட்செஸில் அப்படி என்ன இருக்கிறது?

நாட்செஸ் அதைவிட மூத்த ஊர். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ரோசலி கோட்டையைக் கட்டியது 1716-இல். நியூ ஆர்லியன்ஸ் 1718-இல்தான் தோன்றியது. ஊரின் பெயர், அதற்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்த நாட்செஸ் பழங்குடியினருடையது. பிரெஞ்சுக்காரர்களுக்குப் பின் பிரிட்டிஷாரும் ஸ்பானியரும் ஆண்டார்கள். பருத்திப் பணம் கொழித்த காலத்தில் வெள்ளைத் தூண்கள் வைத்த மாளிகைகள் எழுந்தன. வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போரில் ஊர் 1862-இல் எதிர்ப்பின்றி அடிபணிந்ததால் அவை பெரும்பாலும் தப்பின.

படமெடுப்பவருக்கு இதைவிட முக்கியமானது ஊரின் அமைப்பு. காற்று கொண்டுவந்து குவித்த மண்ணாலான ஏறத்தாழ 200 அடி உயர மேட்டின்மேல் மாளிகைகளும் தேவாலயங்களும் இருக்கின்றன. மேட்டின் அடியில், ஆற்றை ஒட்டி, முன்பு படகோட்டிகளும் சூதாடிகளும் புழங்கிய 'மேட்டடி நாட்செஸ்' இருந்தது. அங்கிருந்த தெருக்களை ஆறு ஒவ்வொன்றாகத் தின்றுவிட, இன்று எஞ்சியிருப்பது சில்வர் தெருவும் அதன் ஒரு வரிசைக் கட்டடங்களும்தான். மேலும் கீழுமாக இரண்டு ஊர்களை ஒரு மணி நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம் என்பதால், ஆறு சுருள்களோடு போகும் என் போன்றவனுக்கு நியூ ஆர்லியன்ஸைவிட இந்த ஊர் ஏற்றது.

அந்த ஊரை ஏற்கெனவே எல்லோரும் எடுத்துத் தீர்த்துவிட்டார்களே?

உண்மைதான். ஹென்றி நார்மன் என்ற ஸ்டூடியோக்காரர் 1870-களிலிருந்து 1913 வரை இந்த ஊரையும், வெள்ளையர் கறுப்பர் என்ற பேதமின்றித் தன் ஸ்டூடியோவுக்கு வந்தவர்களையும் கண்ணாடித் தகடுகளில் எடுத்தார். பொருளாதார மந்த காலத்தில் அரசாங்கத்துக்காகப் படமெடுத்த பென் ஷான் 1935-இலும், மேரியன் போஸ்ட் வால்காட் 1940-இலும் வந்து போனார்கள். அவர்களுக்குப் பின் எடுப்பதில் கூச்சப்பட ஏதுமில்லை. நார்மனின் படங்களைப் பார்த்துவிட்டுப் போனால், எந்தத் தெரு இருந்த இடத்தில் இப்போது வெறும் தண்ணீர் இருக்கிறது என்பதாவது தெரியும்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

வசந்த காலத்தில் மாளிகைகளைத் திறந்து காட்டும் வழக்கம் 1932-இல் தொடங்கியது. அசேலியா பூக்கும் அந்த வாரங்களில்தான் கூட்டம் அலைமோதும். விஎஸ் பிலிமில் அசேலியாவின் இளஞ்சிவப்பு கண்ணைக் குத்தும். நான் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் போகிறேன். சூரியன் தாழ்வாகச் செல்வதால் நண்பகலில்கூட நிழல்கள் நீளமாக விழும். ஆற்றின்மேல் காலைப் பனிமூட்டமும் அடிக்கடி கிடைக்கும்.

மேடு மேற்கைப் பார்த்தது. காலையில் சூரியன் ஊருக்குப் பின்னாலிருந்து எதிர்க்கரையான லூசியானாவின்மேல் விழும். மாலையில் அந்தக் கரைக்குப் பின்னால் மறையும். சில்வர் தெருக் கட்டடங்களின் முகப்பில் நல்ல வெயில் படுவது மறைவுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான். அதற்குள் கீழே எடுத்துவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தால், 1940-இலும் 1988-இலும் கட்டப்பட்ட இரட்டைப் பாலங்கள் அந்தி வானத்துக்கு எதிரே கறுப்பாக நிற்பதைப் பிடிக்கலாம்.

காலாவதியான பிலிமுக்குப் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி கொடுக்கச் சொல்கிறார்களே?

அது நெகட்டிவுக்கான கணக்கு (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி). ஸ்லைடுக்கு அதைப் பின்பற்றி நான் ஒரு ரோலைப் பாழாக்கினேன்; பளிச்சென்ற இடங்களெல்லாம் வெறும் கண்ணாடியாகிவிட்டன. வயதாகும்போது ஸ்லைடு பிலிம் தன் கறுப்பை முதலில் இழக்கிறது: அடர்ந்த கறுப்பாக வரவேண்டிய நிழல் பழுப்பாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ வெளிறிப்போகிறது. ஒளியைக் கூட்டினால் அந்தக் கறுப்பு திரும்பாது, வெளிச்சமான பகுதியும் சேர்ந்து போகும்.

உறைபெட்டியிலேயே இருந்த சுருள் என்றால், அட்டையில் போட்டிருக்கும் ஒளியுணர்வு எண்ணான 100 ஐஎஸ்ஓவிலேயே எடுங்கள். எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத சுருள்கள் என்றால், ஒரே தொகுதியில் பல வாங்கி, ஒன்றைச் சோதனைக்காகப் பலி கொடுங்கள். அதில் தெரியும் குறை மற்றவற்றிலும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும்.

வெள்ளைத் தூண்கள் எனக்கு எப்போதும் சாம்பலாகவோ, வெளுத்துப்போயோ வருகின்றன. ஒளியை எப்படி அளப்பது?

லைட்மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். அதனால் மீட்டர் சொன்னபடி எடுத்தால் தூண் சாம்பலாகும். பின்னால் இருக்கும் இருண்ட வாசலை அளந்து எடுத்தால் தூண் வெளுத்துவிடும். வெயில் படும் தூணை மட்டும் குறிவைத்து அளந்து, அந்த அளவிலிருந்து ஒன்றரை ஸ்டாப் திறந்துவிடுங்கள். தூண் வெள்ளையாக இருக்கும், அதன் வரிப்பள்ளங்களும் காணாமல் போகாது. மீட்டர் இல்லாவிட்டால், நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப்/16, ஷட்டர் நொடியில் 125-இல் ஒரு பங்கு என்ற பழைய விதியை எடுத்துக்கொண்டு அரை ஸ்டாப் மூடினால் போதும்.

நெகட்டிவுக்கு நிழலைப் பார்த்து ஒளி கொடு, ஸ்லைடுக்கு வெளிச்சத்தைப் பார்த்துக் கொடு என்று சொல்வதன் பொருள் இதுதான். இந்தப் பிலிம் ஐந்து அல்லது ஆறு ஸ்டாப் வேறுபாட்டைத்தான் தாங்கும். வெயிலில் நிற்கும் தூணுக்கும் தாழ்வாரத்தின் உள்மூலைக்கும் இடையே அதைவிட அதிகமாக இருக்கும். எனவே, தூணைக் காப்பாற்றினால் தாழ்வாரம் கறுத்துவிடும். அங்கே நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் ஸ்லைடில் அவர் இருக்கமாட்டார். எதை இருட்டில் விடுகிறோம் என்பதை அறிந்தே விட வேண்டும்.

மரத்தடியில் எடுத்தவை எல்லாம் நீலம் பூத்தது போல் இருக்கின்றனவே? அந்தத் தொங்கும் பாசியும் பச்சையாகவே வரவில்லை.

நிழலுக்குள் வருவது வானத்தின் ஒளி, அது நீலம். நம் கண் அதைச் சரிசெய்துகொள்கிறது, பிலிமுக்கு அது தெரியாது. 81ஏ என்ற வெளிர்ப்பழுப்பு வடிகட்டியை லென்ஸின் முன் போட்டால் பெரும்பகுதி சரியாகும்.

ஓக் மரங்களில் தாடிபோல் தொங்குவது உண்மையில் பாசியே அல்ல, அன்னாசிக் குடும்பத்துத் தாவரம். மழையில் நனைந்தால்தான் பச்சை காட்டும், காய்ந்தால் சாம்பல். அழகாக இருக்கிறது என்று எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். செயின்ட் கேத்தரின் தெருவில் இருந்த ரிதம் கிளப் என்னும் கறுப்பினத்தவரின் நடன அரங்கை இதே காய்ந்த பாசியால்தான் அலங்கரித்திருந்தார்கள். 1940 ஏப்ரல் 23 இரவு அது தீப்பற்றி 209 பேர் இறந்தார்கள். அதை அறிந்த பிறகு பாசி தொங்கும் கிளையை வெறும் அலங்காரச் சட்டமாக வைத்துப் படமெடுக்க என் கை வருவதில்லை.

ஆறு ஏன் உங்கள் படங்களில் சேறாகவே இருக்கிறது?

ஆறு அந்த நிறம்தான். நீலமாக வேண்டுமென்றால் தெளிந்த வானம் நீரில் பிரதிபலிக்கும் காலை நேரத்தில், மேட்டின் மேலிருந்து தாழ்ந்த கோணத்தில் எடுக்கலாம். எனக்குச் சேறே பிடித்திருக்கிறது.

லாங்வுட் மாளிகையின் உட்புறத்தை எப்படி எடுத்தீர்கள்?

லாங்வுட் என்பது ஹாலர் நட் என்ற பருத்திப் பண்ணை முதலாளிக்காக, பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் ஸ்லோன் வரைந்த எண்கோண மாளிகை. 1860-இல் வேலை தொடங்கியது; மறு ஆண்டு போர் வந்ததும் வடக்கிலிருந்து வந்திருந்த தச்சர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். கீழ்த்தளம் மட்டுமே முடிந்திருந்தது. குடும்பம் அதிலேயே வாழ்ந்தது. மேலே உள்ள தளங்கள் இன்றுவரை பூச்சற்ற செங்கல்லும் வெற்று மரச்சட்டமுமாக நிற்கின்றன.

கேமராவுக்கும் டிரைபாடுக்கும் அனுமதி ஒவ்வொரு மாளிகையிலும் ஒவ்வொரு விதம். சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். டிரைபாட் இல்லாத நாளில் கேமராவை ஒரு மரச்சட்டத்தின்மேல் அழுத்தி வைத்து, டைமரில் இரண்டு நொடி கொடுத்தேன். ஜன்னலை விட்டுவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் விழுந்த ஒளியை அளந்தேன். அந்த ஸ்லைடில் செங்கல் ஆரஞ்சாகவும், அருகே கிடக்கும் பழைய பெட்டியின் ஆணித்தலைகள் ஒவ்வொன்றும் எண்ணும்படியும் வந்திருக்கின்றன. ஜன்னல் மட்டும் வெறும் வெள்ளை. நொடிக்கணக்கில் ஒளி கொடுக்கும்போது பல ஸ்லைடு பிலிம்களில் நிறம் மாறும். அந்த வேலைக்கு இன்றும் கிடைக்கும் ஃபுஜியின் புரோவியா 100எஃப் மேலானது. 128 நொடிவரை அதற்குத் திருத்தமே தேவையில்லை.

மாளிகைகளைக் காட்டினீர்கள், சரி. அடிமைச் சந்தை இருந்ததாமே, அதில் எடுக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். 'ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோடு' எனப்பட்ட அந்தச் சந்தை, தென்கோடி மாநிலங்களில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை. 1833-இல் ஊர் எல்லைக்குள் வணிகர்கள் அடிமைகளை விற்கத் தடை வந்ததும், எல்லையை ஒட்டிய இந்த முச்சந்தியில் அது நிலைகொண்டது. 1863-இல் வடக்குப் படையில் சேர்ந்திருந்த கறுப்பின வீரர்களே அந்தக் கொட்டடிகளைப் பிரித்துப் போட்டார்கள். ஆகவே எடுப்பதற்குக் கட்டடம் ஏதுமில்லை: புல்தரை, தகவல் பலகைகள், கார்கள் போகும் சாலை, காங்கிரீட்டில் பதித்த இரும்பு விலங்குகள்.

அந்த விலங்குகளை ஐந்து முறை எடுத்துத் தோற்றேன். வெயிலில் காங்கிரீட் வெள்ளையாகவும் இரும்பு கறுத்த ஓட்டையாகவும் வந்தது. தூண்களைப் பற்றிச் சொன்ன அதே சிக்கல், இம்முறை தலைகீழாக. மேகமூட்டமான ஒரு நாளில், மழை பெய்து ஓய்ந்த உடனே போனேன். நனைந்த காங்கிரீட் இருண்டு இரும்புக்கு நெருக்கமாக வந்துவிட, துருவின் செம்மையை விஎஸ் பிலிம் அப்படியே எடுத்துக்கொண்டது. வளையத்துக்குள் கொஞ்சம் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் வானம் தெரிந்தது. மாளிகைகளின் ஸ்லைடுகளுக்கு நடுவே அதை வைக்கிறேன், கடைசியில் வைப்பதில்லை. ஏனெனில் அந்தத் தூண்களின் விலை அங்கேதான் பேசப்பட்டது.

ஸ்டேட் தெருவில் வில்லியம் ஜான்சனின் செங்கல் வீட்டையும் பாருங்கள். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்று முடிதிருத்துநரான அவர் 1835 முதல் 1851-இல் கொல்லப்படும் வரை நாட்குறிப்பு எழுதினார். அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் அதில்தான் படிக்கிறோம். ஊர் அவ்வளவு எளிதில் கறுப்பு வெள்ளையாகப் பிரிவதில்லை.

பிலிமைக் கொண்டுபோவதிலும் வைத்திருப்பதிலும் என்ன கவனிக்க வேண்டும்?

உறைபெட்டியிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். மூன்று மணி நேரமாவது வெளியே வைத்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊரின் ஈரக்காற்று பிலிம்மீது நீர்த்துளியாகப் படியும். விமானத்தில் போனால் சுருள்களைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி கேளுங்கள். விமான நிலையங்களின் புதிய சிடி (CT) ஸ்கேனர்கள் ஒரே முறையிலேயே பிலிமைக் கெடுத்துவிடும். நாட்செஸுக்கு அருகிலுள்ள பெரிய விமான நிலையங்கள் ஜாக்சனும் பேட்டன் ரூஜும். அங்கிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம்.

இப்போது யார் கழுவித் தருகிறார்கள்? வீட்டிலேயே செய்யலாமா?

இ-6 கழுவும் லேப்கள் குறைந்துவிட்டாலும் இருக்கின்றன. பலவற்றுக்கு அஞ்சலில் அனுப்பலாம். வெட்டிச் சட்டமிடாமல் முழு நீளமாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஒரு லேப் என் சுருளைப் படத்தின் நடுவிலேயே வெட்டி அனுப்பியது. பாலம் ஒரு துண்டிலும் அஸ்தமனம் மறு துண்டிலுமாக வந்தன. வீட்டில் கழுவ, மூன்று கரைசல்கள் அடங்கிய பெட்டிகள் கிடைக்கின்றன. முதல் கரைசல் 38 டிகிரி செல்சியஸில் அரை டிகிரிகூட நகரக்கூடாது. மற்றவை அவ்வளவு கண்டிப்பானவை அல்ல.

ஸ்லைடைச் சுவரில் போட்டுப் போட்டுக் காட்டினால் வெளுத்துவிடாதா?

வெளுக்கும். இதில் ஒரு விந்தை உண்டு. இருட்டில் வைத்திருந்தால் கோடாக்குரோமைப் போல் நிறம் காப்பது வேறில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 1939-க்குப் பிந்தைய ஏறத்தாழ 1,600 அரசாங்க வண்ணப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் கோடாக்குரோம்கள் இன்றும் புதிதாய்த் தெரிகின்றன. ஆனால் புரொஜெக்டர் விளக்கில் அது எக்டாக்குரோமைவிட வேகமாக வெளுக்கும். நான் முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, ஒரு ஸ்லைடை ஒரு முறைக்கு அரை நிமிடத்துக்குமேல் விளக்கில் நிறுத்துவதில்லை. ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதி எக்டாக்குரோமுக்குச் சரியாக வேலை செய்யும். கோடாக்குரோமில் அதை அணைத்துவிடுங்கள், படத்தின் விளிம்புகளையே தூசி என்று எண்ணி அழித்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு? டிஜிட்டலில் எடுத்து அதே நிறத்தைக் கொண்டுவரலாமே?

நிறத்தைக் கொண்டுவரலாம். தாழ்வாரத்தில் இருட்டாகிப்போன நாற்காலியையும் டிஜிட்டலில் வெளிச்சமாக்கலாம். நான் இந்தப் பிலிமில் எடுப்பது, 36 படங்களுக்குமேல் இல்லை என்பதால் ஒரே மாளிகையின் முன் முப்பது முறை அழுத்தாமல் அடுத்த தெருவுக்கு நடந்துவிடுகிறேன் என்பதற்காகத்தான். டிஜிட்டல் கேமராவோடு போன முதல் பயணத்தில் செயின்ட் கேத்தரின் தெருவுக்கு நான் போகவே இல்லை.

உங்களிடம் இருப்பது தீர்ந்துவிட்டால்?

ஏழு ரோல் மிச்சம். அதன்பின் புதிய இ100-தான். சோதித்துப் பார்த்ததில் லாங்வுட் செங்கல் சற்றுச் சோகையாகத் தெரிகிறது, மற்றபடி குறையில்லை. கடைசி விஎஸ் ரோலுக்கு மட்டும் இப்போதே இடம் குறித்துவிட்டேன். ஒரு டிசம்பர் காலையில் ரிதம் கிளப் இருந்த இடத்தில் தொடங்கி, செயின்ட் கேத்தரின் தெரு வழியாகவே நடந்து, முச்சந்தியில் 36-ஆவது படத்தை எடுக்க வேண்டும்.